கதை கேட்ட பிள்ளைகள் ஏன் திரும்பிப் பார்த்தார்கள்?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். இந்த ஜூனில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் என் வகுப்பில் சேர்ந்தான். வாக்கர் பிடித்து நடப்பான். பேச்சு குழறும், பழகியவர்களுக்குப் புரியும். எச்சில் ஒழுகும். மற்ற பிள்ளைகள் “இவனுக்கு என்ன டீச்சர்?”, “நமக்கும் ஒட்டிக்குமா?” என்று அவன் காதுபடவே கேட்கிறார்கள். இரண்டு பேர் அவன் நடையை நடித்துக் காட்டுகிறார்கள். கதை சொன்னால் மாறுவார்கள் என்று புத்தகக் கண்காட்சியில் ஒரு படக்கதை வாங்கிவந்தேன். கால் ஊனமான முயலை எல்லா மிருகங்களும் கேலி செய்யும். காட்டில் தீப்பிடிக்கும்போது அந்த முயல்தான் எல்லாரையும் காப்பாற்றும். பிறகு எல்லாரும் மன்னிப்புக் கேட்பார்கள். நான் வாசிக்க வாசிக்க வகுப்பே அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் செய்தது தப்பா? எந்த மாதிரிப் புத்தகம் வாசிக்கலாம்? அவன் இருக்கும்போது வாசிக்கலாமா, கூடாதா?

பதில்: வணக்கம் டீச்சர். சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பள்ளிகளில் வேலை பார்ப்பதால் இந்த முயலை எனக்கு நன்றாகத் தெரியும். சில புத்தகங்களில் அது மானாக வரும், சிலவற்றில் ஒற்றைச் சிறகுக் குருவியாக வரும். கதை மட்டும் மாறுவதில்லை.

நீங்கள் வாசித்ததில் தப்பில்லை, கதைதான் அப்படி. யோசித்துப் பாருங்கள்: கால் நொண்டுகிறது என்பதைத் தவிர அந்த முயலைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அதற்கு என்ன பிடிக்கும், யாரோடு சண்டை போடும், எதற்குப் பொய் சொல்லும், எதுவும் தெரியாது. காலை எடுத்துவிட்டால் முயலே இல்லை. அப்புறம் கேட்கிற பிள்ளைகள் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? கதை எதைக் காட்டியதோ அதைத்தான் வகுப்பில் தேடியிருக்கிறார்கள். நன்றாகக் கவனித்துக் கேட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மற்ற மிருகங்களெல்லாம் சும்மா இருந்தே நண்பர்களாக இருக்கின்றன. இந்த முயல் மட்டும் உயிரைக் கொடுத்துக் காடு முழுவதையும் காப்பாற்றினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தீப்பிடிக்காத நாளில் அதனோடு யார் விளையாடுவார்கள்? உங்கள் பையனுக்கு ஏழு வயது. அவன் யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. இடைவேளையில் கூடச் சேர்ந்து கல்லாங்காய் ஆட இடம் கிடைத்தால் போதும்.

புத்தகங்களுக்குப் போகும் முன், பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுங்கள். அதற்குக் கதை வேண்டாம். “ஒட்டிக்குமா?” என்று கேட்கிற பிள்ளைக்கு உள்ளுக்குள் பயம் இருக்கிறது. “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று அதட்டினால் பயம் அப்படியே இருக்கும், கேள்வி மட்டும் நின்றுவிடும். ஒட்டாது என்று சொல்லுங்கள். அவன் பிறப்பதற்கு முன்போ, பிறக்கும் சமயத்திலோ, பிறந்த கொஞ்ச நாளிலோ மூளையில் அசைவைக் கவனிக்கும் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது, அதனால் கை, கால், வாய்த் தசைகள் அவன் நினைத்தபடி அசைவதில்லை, இவ்வளவுதான். இரண்டாம் வகுப்புக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

எச்சிலைப் பற்றியும் சொல்லுங்கள். அதைத்தான் பெரியவர்கள் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம், பிள்ளைகள் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் எல்லார் வாயிலும் நாள் முழுக்க எச்சில் ஊறுகிறது. நமக்கே தெரியாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு அப்படி விழுங்குவது சிரமம், அதனால் துண்டு வைத்துத் துடைத்துக்கொள்கிறான். இதைச் சொன்னதும் வகுப்பில் என்ன நடக்கும் தெரியுமா? எல்லாரும் தொண்டையில் கை வைத்து, தாங்கள் எப்போது விழுங்குகிறோம் என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். ஐந்து நிமிடம் ஒரே சத்தமாக இருக்கும். விட்டுவிடுங்கள்.

‘பாவம்’, ‘சாமி இவனை இப்படிப் படைச்சிட்டாரு’, ‘நமக்கு நல்ல கை கால் இருக்கே, அதை நினைச்சு சந்தோஷப்படணும்’ போன்றவை மட்டும் வேண்டாம். முக்கியமாகக் கடைசியில் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டு அவனும்தான் அங்கே உட்கார்ந்திருப்பான்.

இந்த விளக்கத்தை அவன் இருக்கும்போது சொல்வதா, இல்லாதபோதா என்பது உங்கள் முடிவோ என் முடிவோ அல்ல. அவன் அம்மாவிடம் கேளுங்கள், அவனிடமும் கேளுங்கள். சில பிள்ளைகள் தாங்களே சொல்ல ஆசைப்படுவார்கள். சிலருக்கு அன்றைக்கு வெளியே போய்விட வேண்டும். வீட்டில் அவனுக்கு எந்த வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று அவன் கேட்க வேண்டாம்.

நடையை நடித்துக் காட்டும் இரண்டு பேரையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில் பிள்ளைகள் பஸ் கண்டக்டரையும் நடித்துக் காட்டுவார்கள், உங்களையும் நடித்துக் காட்டுவார்கள். புதிதாக ஒன்றைப் பார்த்தால் உடம்பில் போட்டுப் பார்ப்பது அவர்கள் பழக்கம். அவன் முன்னால், அவனைச் சிரிக்க வைக்கவோ அழ வைக்கவோ செய்கிறார்களா என்று பாருங்கள். அழ வைப்பது என்றால் அது கேலி. அதற்குக் கதை மருந்தாகாது. மற்ற கேலிகளை எப்படி நிறுத்துவீர்களோ அப்படியே நிறுத்துங்கள். வாக்கரை எல்லாரும் தள்ளிப் பார்க்கட்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கட்டும் என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டை அவிழ்த்ததும் ‘அப்பாடா’ என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். வாக்கர் அவன் காலைச் சேர்ந்தது. கேட்காமல் யாரும் தொடக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

சரி, புத்தகங்கள்.

முதலில் வாசிக்கிற கதையில் வாக்கர் பிடித்த பையன் வர வேண்டாம். அவனுக்கு இருப்பது போலவே ஒரு பாத்திரத்தைத் தேடி வாங்கத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் ஆரம்பத்திலேயே அப்படி வாசித்தால் மறுபடியும் எல்லாத் தலையும் திரும்பும். வேறு விதமான உடல்நிலை உள்ள பாத்திரங்களோடு தொடங்குங்கள். இப்படி நாலைந்து கதை கேட்டபிறகு, கதையில் ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் வருவது அவர்களுக்குச் செய்தியாகவே இருக்காது. வாக்கர் கதை அப்போது வரட்டும்.

1996-இல் சென்னையில் தொடங்கிய துலிகா பதிப்பகம் தன் படக்கதைகள் பலவற்றை ஆங்கிலத்தோடு தமிழிலும் வேறு இந்திய மொழிகளிலும் வெளியிடுகிறது. அவர்களுடைய ‘கேட்ச் தட் கேட்’ என்ற கதையில் டிப் டிப் என்று ஒரு வாலுப் பெண். தோழியின் பூனை காணாமல் போய்விட, தேடிக்கொண்டு போகிறாள். பூனை மரத்தில் இருக்கிறது. இவள் சக்கர நாற்காலியிலிருந்து கையால் உந்தி மரத்தில் ஏறுகிறாள். எழுதியவர் தாரிணி விஸ்வநாத், படம் நான்சி ராஜ். கதை நாற்காலியைப் பற்றிப் பாடம் எடுப்பதில்லை. கேட்கிற பிள்ளைக்குப் பூனைதான் கவலை. என்னைக் கேட்டால் உங்கள் வகுப்பில் முதலில் வாசிக்க வேண்டியது இதுதான்.

அதே பதிப்பகத்தின் ‘எ வாக் வித் தம்பி’ சின்னப் பிள்ளைகளுக்கான கதை. ஒரு பையன் தன் நாயோடு ஊருக்குள் நடந்து போகிறான், சுற்றியுள்ள சத்தமும் வாசமும்தான் கதை. அவன் கையில் உள்ள கோலைப் படத்தில் பார்த்துத்தான் அவனுக்குக் கண் தெரியாது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். லாவண்யா கார்த்திக் எழுதியது, படம் புரொய்த்தி ராய். ஸாய் விட்டேக்கர் எழுதிய ‘கண்ணா பண்ணா’வும் நல்ல கதை. குடும்பத்தோடு குகை பார்க்கப் போகிறார்கள், விளக்கு அணைந்துவிடுகிறது, பார்வையில்லாத பையன் வழிகாட்டி வெளியே அழைத்துவருகிறான். ‘இவனும்தானே காப்பாற்றுகிறான்’ என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆனால் முயல் தன்னைச் சேர்த்துக்கொள்வதற்காகக் காப்பாற்றியது. இவன் ஏற்கெனவே வீட்டுப் பிள்ளை, தினமும் செய்வதைத்தான் குகையிலும் செய்கிறான். அதனால் எனக்கு உறுத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவதாக வாசியுங்கள்.

இவற்றையெல்லாம் விட நான் பள்ளிகளுக்கு அதிகம் சொல்வது பிரதம் புக்ஸ் வெளியிட்ட சுஸ்கித் கதை. சுஜாதா பத்மநாபன் எழுதியது. லடாக்கில் ஒரு சிறுமி, கால் நடக்க வராது. பள்ளிக்கூடம் போக ஆசை. சக்கர நாற்காலி வந்துவிட்டது, ஆனாலும் போக முடியவில்லை. வழியெல்லாம் கல்லும் மேடும், நடுவில் ஓடை. அப்துல் என்ற பையன் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்கிறான். பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து பாதையைச் சமன்படுத்துகிறார்கள், ஓடைக்குப் பாலம் போடுகிறார்கள். சுஸ்கித் பள்ளிக்குப் போகிறாள். உண்மையாக நடந்ததை வைத்து எழுதிய கதை, 2018-இல் படமாகவும் வந்தது.

இதில் யாரும் சுஸ்கித்தைத் திருத்துவதில்லை, அவள் கால் குணமாவதுமில்லை. மாறுவது பாதை. இந்தக் கதையை வாசித்த மறுநாள் பிள்ளைகளைப் பள்ளி வளாகத்தைச் சுற்ற விடுங்கள். நம் பள்ளியில் சக்கரம் எங்கெல்லாம் மாட்டும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வரச் சொல்லுங்கள். வகுப்பு வாசல்படி, குழாயடிச் சகதி, கழிப்பறைக்குப் போகும் வழியில் உடைந்த சிமென்ட் தளம். உங்கள் பையன் வாக்கரோடு கூடப் போனால் அவன்தான் அன்றைக்குச் சரியான ஆள், மற்றவர்களுக்குத் தெரியாத இடங்களை அவன் காட்டுவான். எல்லார் கண்ணும் தரையில் இருக்கும், அவன் மேல் இருக்காது. வட்டங்களின் பட்டியலைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கொடுங்கள். சாய்தளம் கேட்டு ஆசிரியர் எழுதும் கடிதத்தை விட, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோணல்மாணலாக எழுதிய பட்டியலுக்குச் சீக்கிரம் வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம் இலவசமாகக் கிடைக்கும், அச்சடித்தும் கொள்ளலாம். நம் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நாலு நிலைப் புத்தகங்களும் உங்களிடம் இருக்கும். எது கையில் கிடைத்தாலும் வாங்கும் முன் எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் ஒரு தடவை புரட்டுங்கள். அந்தப் பிள்ளை எத்தனை படத்தில் ஓரமாக நின்று மற்றவர்களைப் பார்க்கிறது, எத்தனை படத்தில் தானே ஏதாவது செய்கிறது? சேட்டை செய்கிறதா, கோபப்படுகிறதா? கடைசிப் பக்கத்தில் ஊனம் மாயமாகச் சரியாகிவிடுகிறதா? 1881-இல் வந்த ‘ஹைடி’யில் சக்கர நாற்காலியில் இருக்கும் கிளாரா என்ற சிறுமி மலைக்காற்றிலும் ஆட்டுப்பாலிலும் எழுந்து நடந்துவிடுவாள். நல்ல நாவல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் மலைக்குப் போனாலும் எழுந்து நடக்க முடியாத பிள்ளை அதைக் கேட்டுவிட்டு என்ன நினைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் பழைய கதைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வகுப்பில் வந்தே தீரும். யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றவர்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையில்லாத ஒருவர் ஒரு பொருளை அறிய வேண்டுமென்றால் ஓரிடத்தில் தொட்டுவிட்டு அங்கேயே நின்று சண்டை போட மாட்டார், முழுக்கத் தடவிப் பார்ப்பார். கண் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கட்டிய கதை அது. இரண்டாம் வகுப்பில் தவிர்த்துவிடலாம். ஐந்தாம் வகுப்பு என்றால் சொல்லிவிட்டு, “நீங்களாக இருந்தால் காலை மட்டும் தொட்டுவிட்டு நிற்பீர்களா?” என்று கேளுங்கள். கூனியும் அப்படித்தான். முதுகு வளைந்ததால் மனமும் வளைந்தது என்கிற மாதிரி நாடகத்தில் காட்டிவிடுகிறார்கள். கம்பன் அவ்வளவோடு விடவில்லை. அவள் கைகேயியின் அரண்மனைக்குள் புகும் இடத்தில், முன்பு இராமன் வில்லால் தன்மேல் அடித்த உருண்டையை நினைத்துக்கொண்டே போகிறாள் என்று பாடியிருக்கிறான். சிறுவனின் விளையாட்டு, பட்டவளுக்கு மறக்கவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கேலியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சாதனையாளர் கதைகளையும் அளவோடு வையுங்கள். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது காலில் அடிபட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார், அடுத்த டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். சுவரில் 1.89 மீட்டருக்குக் கோடு போட்டுக் காட்டுங்கள், உங்கள் தலைக்கு மேல் இருக்கும். ஆனால் கதை முடிந்ததும் உங்கள் பையனைப் பார்த்து “அவரே சாதிச்சிருக்காரு, நீயும் சாதிக்கணும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மற்ற பிள்ளைகளிடம் நாம் ஒலிம்பிக் பதக்கம் கேட்பதில்லை. கண்ணும் காதும் இல்லாத ஹெலன் கெல்லரையும், ‘தண்ணீர்’ என்ற வார்த்தையைப் புரிந்துகொண்ட குழாயடியில் ஆறு வயதுச் சிறுமியாகவே நிறுத்திவிடுகிறோம். அவர் 1968 வரை வாழ்ந்து, அரசியல் பேசி, பெண்களின் வாக்குரிமைக்கு வாதாடி, 1955-இல் இந்தியாவுக்கும் வந்துபோனவர்.

இன்னொரு விஷயம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நம் படக்கதைகளில் திரும்பத் திரும்ப வருவது சக்கர நாற்காலியும் கறுப்புக் கண்ணாடியும்தான், படம் வரைய அவைதான் சுலபம். காதுக்கருவி போட்ட பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, எழுத்து கூட்டத் தடுமாறும் பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை எல்லாம் அபூர்வம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வாங்கிப் போடுங்கள். வாக்கர் இல்லாததால் நீங்கள் கவனிக்காத இன்னொரு பிள்ளையும் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

வாசிக்கும்போது அவன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள். எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார, அவன் மட்டும் பின்னால் நாற்காலியில் இருந்தால் எந்தக் கதையும் உதவாது. கால் தொங்காமல், முதுகு சாய்ந்து உட்காரச் சரியான இருக்கை வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேளுங்கள், இது அவர்கள் வேலைதான். அதுவரை எல்லாரையும் பெஞ்சில் ஏற்றிவிட்டு வாசியுங்கள். பக்கம் புரட்ட அவன் விரல் ஒத்துழைக்காது என்றால், ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு சின்னத் துண்டு வெட்டி ஒட்டுங்கள். தாள்களுக்கு நடுவே இடைவெளி விழும், முஷ்டியாலேயே தள்ளிவிடலாம். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதையாக எடுத்தால் அந்த வரியை எல்லாரும் சேர்ந்து கத்தலாம். அவன் குழறினாலும் கூட்டத்தில் சேர்ந்துவிடும், அல்லது மேசையைத் தட்டட்டும். முடித்ததும் “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?” என்று கேட்காதீர்கள். “பூனை ஏன் ஓடிப்போச்சு?” என்று கேளுங்கள்.

அவன் இருக்கும்போது வாசிக்கலாமா என்று கேட்டீர்கள். மேலே சொன்ன மாதிரிக் கதைகள் என்றால் அவன் இருக்கும்போதுதான் வாசிக்க வேண்டும், அவனும் கதை கேட்க வந்த பிள்ளைதானே. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கென்று எடுத்துவைக்காமல் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் வாசியுங்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் இன்னொன்றும் செய்து பாருங்கள். ஏ4 தாள் நான்கை மடித்துத் தைத்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதைப் புத்தகம் செய்யட்டும். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், படத்தை நண்பன் யாராவது வரையட்டும், அட்டையில் அவன் பெயர் பெரிதாக இருக்கட்டும். அவன் பேய்க் கதை சொன்னாலும் சரி, சி.எஸ்.கே. கதை சொன்னாலும் சரி, அவன் சொன்னபடியே எழுதுங்கள். அதில் வாக்கர் வரவில்லை என்றால் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.